வாசகர் கேள்வி – பதில்: ஹஷிமோட்டோ சனாய் படித்த படிப்பு

கேள்வி: 1859-இல் ஷோகுன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) ஆட்சி தலையை வெட்டிக் கொன்ற சாமுராய் ஹஷிமோட்டோ சனாய், உண்மையில் ஒரு மருத்துவரா? 15 வயதில் நூல் எழுதினார் என்பதும் சரிதானா?

பதில்: இரண்டும் சரி. 1834-இல் ஜப்பானின் ஃபுகுய் கோட்டை நகரில், அவ்வட்டாரத்தை ஆண்ட பிரபுவின் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தார். மகனும் வைத்தியம்தான் பார்த்தாக வேண்டும். முதலில் யோஷிடா தோகோ என்ற ஆசிரியரிடம் கன்பூசிய நூல்கள் பயின்றார். நீங்கள் கேட்ட நூலான ‘கெய்ஹாட்சுரோகு’வை எழுதியது 1848-இல். பிறந்த உடனே ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்று கூட்டும் பழைய ஜப்பானியக் கணக்கில் அது 15. நம் கணக்கில் 14. இறந்த வயதை 25 என்றும் 26 என்றும் எழுதுவதற்கும் இதுவே காரணம்.

அந்த நூலில் தனக்குத்தானே விதித்துக்கொண்டவை ஐந்து: சிறுபிள்ளைத்தனத்தை விடுவது, மனத்தில் வீரம் வளர்ப்பது, குறிக்கோளை நிலைநிறுத்துவது, ஊன்றிப் படிப்பது, நண்பர்களைத் தேர்ந்து பழகுவது. முதலாவதைப் பாருங்கள்: பட்டம் விடுவது, கல்லெறிவது, பூச்சி பிடிப்பது, இனிப்புக்கு அலைவது என்று பெயர் சொல்லியே ஒதுக்குகிறார். அந்த வயதுப் பையன் இதை எழுதினான் என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

கேள்வி: ஒசாகாவில் டச்சு மொழி எப்படிக் கற்றார்கள்?

பதில்: அன்று ஜப்பானில் மேலை மருத்துவத்தை டச்சு நூல்கள் வழியாகவே படித்தார்கள். அதற்காக 1849-இல் சனாய் சேர்ந்தது, ஒசாகாவில் மருத்துவர் ஒகாட்டா கோஆன் நடத்திய தெகிஜுகு பள்ளி. பின்னாளில் அங்கு படித்தவர்கள் அதன் நடைமுறையை எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு இலக்கண நூல்கள். பிறகு மாதம் ஆறு முறை கூட்டு வாசிப்பு. பாடப்பகுதியை அவரவரே கையால் படியெடுக்க வேண்டும். பொருள் புரியாவிட்டால் இன்னொருவரிடம் கேட்கக் கூடாது. துணை, அகராதி மட்டுமே. பெரிய டச்சு–ஜப்பானிய அகராதி கையெழுத்துப் பிரதியாக ஒன்றுதான் இருந்தது. அதனால் வாசிப்புக்கு முந்தைய இரவு அகராதி அறையில் கூட்டம் நெரியும், யாரும் தூங்க மாட்டார்கள்.

கூட்டு வாசிப்பில் மதிப்பெண் இப்படி: சரியாக விளக்கினால் வெள்ளை வட்டம், தவறினால் கறுப்பு வட்டம், தன் பகுதியைத் தடங்கலின்றி முடித்தால் வெள்ளை முக்கோணம். முக்கோணத்துக்கு ஏறக்குறைய மூன்று வட்டத்தின் மதிப்பு. மூன்று மாதம் தொடர்ந்து முதலிடத்தில் நின்றால் அடுத்த வகுப்பு. தங்குமிடமும் இந்த வரிசைப்படிதான்: ஆளுக்கு ஒரு தத்தாமிப் பாய், சுமார் 6 அடிக்கு 3 அடி, மேசை, படுக்கை எல்லாம் அதற்குள். பின்தங்கியவருக்கு நடைவழியோரப் பாய் விழும். இரவில் போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள். சுவரோரம் கிடைத்தால் பகலிலும் விளக்கு வேண்டும்.

கேள்வி: வைத்தியர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

பதில்: தந்தையின் நோயால் 1852-இல் ஊர் திரும்பி, அவர் மறைந்த பின் அவர் பொறுப்பை ஏற்றார். 1853-இல் ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறக்க வேண்டும் என்று கோரி, கடற்படைத் தளபதி பெர்ரியின் அமெரிக்கக் கப்பல்கள் வந்தன. 1854-இல் எடோ (இன்றைய டோக்கியோ) சென்று டச்சுப் படிப்பைத் தொடர்ந்தார். மருத்துவர் பொறுப்பிலிருந்து விலகத் தானாக முடிவெடுக்க முடியாது. 1855-இல் பிரபு மத்சுதைரா ஷுங்காகுவின் ஆட்சி அவரை விடுவித்துப் போர்வீரர் வரிசையில் சேர்த்தது. 1857-இல் ஃபுகுய்ப் பள்ளி மெய்தோகானில் மேலைக் கல்வியைப் புகுத்தினார். அடுத்த ஷோகுனாக ஹிதோட்சுபாஷி கெய்கி வர வேண்டும் என்று பிரபுவுக்காகப் பாடுபட்டதே குற்றமாயிற்று. எதிரணியில் இருந்த ஷோகுன் ஆட்சியின் தலைமை அமைச்சர் ஈ நாவோசுகேயின் ஒடுக்குமுறையில் எடோவின் கொதென்மாச்சோ சிறையில் கொல்லப்பட்டார்.