அம்மா பிறந்த ஊரிலிருந்து ஆரம்பியுங்கள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இடப்பெயர்வுப் பாடத்துக்காக, ஊரைவிட்டுத் தள்ளுகிற உந்து காரணிகள், புது ஊருக்கு இழுக்கிற ஈர்ப்புக் காரணிகள் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், "வடக்கேயிருந்து வர்றவங்களால நம்ம ஊரே நிறைஞ்சு போச்சு டீச்சர்" என்றான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியும் அதே வகுப்பில் இருக்கிறாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

ஒரு ஆசிரியை, திருப்பூர்

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸிலும் பனியன் கம்பெனி வாசலிலும் பார்ப்பதைத்தான் சொல்கிறான். இடம்பெயர்ந்தவர் என்றால் ரயிலில் வந்து இறங்குகிற வேற்று மொழிக்காரர்தான் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது, பாடப்புத்தகத்தின் இரண்டு பட்டியல்களும் அதை மாற்றுவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் முன்பிருந்த ஊரைவிட்டு வேறு ஊரில் வாழ்பவர்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், முதல் காரணம் கல்யாணம். மாநில எல்லையைத் தாண்டியவர்கள் எட்டில் ஒருவர் அளவுதான், பாதிக்கு மேற்பட்டோர் மாவட்டத்தையே தாண்டவில்லை. ராவன்ஸ்டீன் என்ற புவியியலாளர் பிரிட்டிஷ் கணக்கெடுப்பை வைத்து 1885லேயே இதைச் சொல்லிவிட்டார்: பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள், குறைந்த தூரம் போவதில் பெண்களே அதிகம்.

அதனால் பலகையை அழித்துவிட்டு, பிள்ளைகளை வீட்டில் போய் அம்மா, பாட்டி பிறந்த ஊர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வரைபடத்தில் ஒவ்வொருவரும் ஒரு அம்புக்குறி போடட்டும். பல்லடம், தாராபுரம், காங்கேயம் என்று குட்டி குட்டி அம்புகளாக வந்து குவியும். தன் அம்மாவும் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்தான் என்று அந்தப் பையனுக்கு அங்கே தெரியட்டும்.

உங்கள் ஊரில் நீலகிரியிலிருந்து இறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்க வாய்ப்புண்டு, அவர்களை மட்டும் இன்னும் பின்னால் போய்க் கேட்கச் சொல்லுங்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களில் பஞ்சமும் கடனும் துரத்த, தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த சொந்த ஊர்க் கங்காணியை நம்பி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தது, எங்கே வாழ விருப்பம் என்று அவர்களிடம் கேட்காமலே. வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு அந்த மலையிலிருந்து பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். ஒரே குடும்பத்துக்குள் மூன்று இடப்பெயர்வு! அதில் ஒன்றை எழுதியது இரண்டு அரசாங்கங்கள், அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

கங்காணி இருந்த இடத்தில் இன்றைக்கு லேபர் கான்ட்ராக்டரும், முன்னால் வந்த அண்ணனின் போன் அழைப்பும். வறுமை மட்டும் ஒருவரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, அங்கே தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். பாடத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

அப்புறம், "நிறைஞ்சு போச்சு" என்பதற்கும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு ஊரின் மக்கள்தொகையை மாற்றுவது பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்ற நான்கு கணக்கு. 2001க்கும் 2011க்கும் இடையே நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சமாகக் குறைந்தது. பிறப்பு நின்றுபோய் அல்ல, ஆட்கள் வெளியேறியதால். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்து, இருப்பவர்களும் படித்து வேறு வேலைக்குப் போகும்போது, தையல் மெஷினில் உட்கார ஆள் எங்கிருந்தோ வந்துதான் ஆகவேண்டும். இந்தக் கணக்கை அந்தப் பையனே போட்டுப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். ஒடிசாப் பெண்ணை முதலில் எழுப்பி உதாரணமாக நிறுத்தாதீர்கள். மாவட்ட வரைபடத்தை மட்டும் மாட்டினால் அவளுடைய அம்பு படத்துக்கு வெளியே போய்விடும், அதனால் ஒடிசாவும் இலங்கையும் சேர்ந்து தெரிகிற வரைபடத்தையும் முதல் நாளே பக்கத்தில் மாட்டிவிடுங்கள். அவளாக எழுந்து வந்தால் சாக்பீஸைக் கொடுங்கள், வராவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம்.