வாசகர் கேள்வி – பதில்: பீமெம் உள்ள வீஎம் இடம் மாறும்போது

அழியா நினைவகம், அதாவது பெர்சிஸ்டன்ட் மெமரி பற்றி இம்முறை பல கேள்விகள் வந்துள்ளன. மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகம் இது. சுருக்கமாக அதைப் பீமெம் என்றே எழுதுகிறோம். வீஎம் என்பது சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில் தட்டச்சிடுங்கள்.

கேள்வி: உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் அலுவலகத்தில் இரண்டு சேர்வர்கள் இருக்கின்றன. இரண்டிலும் இன்டெல் ஒப்டேன் பீமெம், வீஎம்களை ஓட்டும் லினக்ஸ் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வெர்ட். தரவுத்தளம் ஓடும் வீஎம்முக்கு 256 ஜிபி பீமெம் கொடுக்க வேண்டும். பராமரிப்பு வேலை வந்தால் அந்த வீஎம்மை நிறுத்தாமலே மற்றச் சேர்வருக்கு மாற்றவும் வேண்டும். எப்படி அமைப்பது?
— வாசகி, திருகோணமலை

பொதுச் சேமிப்பகத்தில் டிஸ்க் வைத்திருக்கும் வீஎம் இடம் மாறும்போது டிஸ்க் அசைவதில்லை. ரேம் மட்டுமே போகிறது. பீமெம் அப்படியல்ல. அது அந்தச் சேர்வரின் மெமரிச் சொக்கெற்றில் செருகிய துண்டு. வீஎம் போகும்போது 256 ஜிபியும் கம்பி வழியே பிரதியாகி மறுபக்கப் பீமெம்மில் எழுதப்பட வேண்டும். மாறி முடிந்த பின்னும் பழைய பிரதி பழைய இடத்தில் அழியாமல் கிடக்கும். கீழே சொல்லும் தெரிவுகள் எல்லாம் இந்த இரண்டு காரணங்களிலிருந்து வருபவை.

இரண்டு சேர்வரிலும் ஐபிஎம்சிடிஎல் கருவியால் துண்டுகளை ஆப் டைரக்ட் முறைக்கு மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். மெமரி மோடில் விட்டால் அவை சாதாரண ரேம் போலத்தான் நடக்கும். மின்சாரம் போனால் எதுவும் மிஞ்சாது. அடுத்து என்டிசிடிஎல் கருவி கொண்டு, கோப்புமுறை வைக்க உதவும் எஃப்எஸ்டாக்ஸ் முறையில் நேம்ஸ்பேஸ் (பீமெம்மில் ஒதுக்கும் ஒரு பகுதி) உருவாக்குங்கள். அதில் எக்ஸ்எஃப்எஸ் கோப்புமுறை போடுவதானால், கோப்புகள் இடத்தைப் பகிரும் ரீஃப்லிங்க் வசதியை 0 ஆக்குங்கள். பல கேர்னல்களில் அதுவும் டாக்ஸும் (ரேமில் பிரதி வைக்காமல் பீமெம்மை நேரே அணுகும் முறை) ஒன்றாக வேலை செய்வதில்லை. டாக்ஸ் தெரிவோடு மவுன்ட் செய்து, ஃபாலொகேட் கட்டளையால் 256 ஜிபி கோப்பை முழு அளவில் ஒதுக்குங்கள். பாதையும் பெயரும் இரு சேர்வரிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

கோப்பு இல்லாமல் பீமெம்மை நேரே ஒரு சாதனமாகக் கொடுக்கும் டெவ்டாக்ஸ் முறையும் பாவிக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கேர்னல் 64 பைட் குறிப்பு வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைப் பீமெம்மிலேயே வைத்தால் கொள்ளளவில் 64இல் 1 பங்கு, ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 16 ஜிபி, அதற்கே போய்விடும். ஒரு சேர்வரில் குறிப்பைப் பீமெம்மிலும் மற்றதில் ரேமிலும் வைத்திருந்தால் ஒரே அளவு கேட்ட இரண்டு நேம்ஸ்பேஸ்கள் வெவ்வேறு அளவில் வரும். கோப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்குக் கோப்பையே சிபாரிசு செய்கிறோம்.

வீஎம்மின் அமைப்பை எழுதும் லிப்வெர்ட் எக்ஸ்எம்எல்லில் மெமரி மொடல் என்விடிம், அக்செஸ் ஷேர்ட் என்று இருக்க வேண்டும். சோர்ஸ் பகுதியில் கோப்பின் பாதை, 2048 கேபி அலைன்சைஸ், பீமெம் என்ற வெற்றுக் குறி ஆகியன வரும். டார்கெட் பகுதியில் அளவு, நூமா நோட் (சிபியுவும் அதன் அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த தொகுதி), 128 கேபி லேபல். வீஎம்முக்கு ஒரு நூமா செல்லாவது இருக்க வேண்டும். மேக்ஸ்மெமரி ரேமையும் பீமெம்மையும் சேர்த்து அடக்கும் அளவில் இருக்க வேண்டும். ஷேர்ட் இல்லாவிட்டால் வீஎம் எழுதுவது கோப்புக்கே போகாது. வீஎம்மை நிறுத்தியதும் எல்லாம் மறையும்.

பீமெம் குறியை விட்டுவிடாதீர்கள். மறுபக்கத்தில் வந்து இறங்கும் பக்கங்கள் சிபியு கேஷில் தங்காமல் பீமெம்முக்குத் தள்ளப்படுவதைக் கியூஎமு (கேவிஎம்மோடு சேர்ந்து வீஎம்மை ஓட்டும் மென்பொருள்) இந்தக் குறி இருந்தால்தான் உறுதி செய்கிறது. இது கியூஎமு 3.1இல் வந்தது, லிப்பீமெம் நூலகம் சேர்த்துக் கட்டிய கியூஎமு தேவை.

இனி, தவறுகள் நடக்கும் இடங்கள்.

மிகவும் ஆபத்தானது, மறுபக்கத்தில் பீமெம் மவுன்ட் ஆகாமல் இருப்பது. அடைவு வெறுமையாக இருக்கும். கியூஎமு அங்கே கோப்பைக் காணாவிட்டால், எழுத உரிமை இருக்கும் பட்சத்தில், தானே ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ளும். அது சாதாரண டிஸ்க்கில் இருக்கும். மாற்றம் வெற்றி என்றே திரை சொல்லும். லொக் கோப்பில் மட்டும், மின்தடையின் போது தரவு சிதையக்கூடும் என்று ஒரு எச்சரிக்கை வரி கிடக்கும். ஆகவே மவுன்ட் செய்வதற்கு முன்னுள்ள வெற்று அடைவை ரூட்டின் பெயரில் வைத்து, மற்றவர்களுக்கு எழுதும் உரிமை கொடுக்காதீர்கள். கோப்பை முன்கூட்டியே உருவாக்கி, அதன் உரிமையை மட்டும் கியூஎமு பயனருக்குக் கொடுங்கள். மாற்றும் முன் ஃபைன்ட்மவுன்ட் கட்டளையில் டாக்ஸ் என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள்.

'லெங்த் மிஸ்மாட்ச்' என்று நின்றால் இரு பக்க அளவும் வேறு. பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். கண்ணுக்கு 256 ஜிபி என்று தெரிவது போதாது.

எக்ஸ்-இக்னோர்-ஷேர்ட் என்றொரு தெரிவு கியூஎமு 4.0இல் வந்தது. மாற்றத்தை வேகமாக்கும் என்று சிலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். இரு பக்கமும் ஒரே கோப்பைப் பார்க்கும் அமைப்புக்கானது அது. உங்களிடம் இருப்பதோ இரண்டு தனித்தனிக் கோப்புகள். அதைப் போட்டால் பீமெம் உள்ளடக்கம் அனுப்பப்படாது; வீஎம் மறுபக்கத்தில் பழைய அல்லது வெற்றுத் தரவின் மேல் எழும்பும். தரவுத்தளம் அங்கேயே முடிந்தது.

சிபியு மொடலை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (சேர்வரின் சிபியுவை அப்படியே வீஎம்முக்குக் காட்டுவது) என்று விடாமல், இரண்டுக்கும் பொதுவான பெயரைக் குறியுங்கள். கஸ்கேட்லேக்-சேர்வர் நல்ல தெரிவு. வீஎம்முக்குள் தரவுத்தளம் கேஷைத் தள்ள சிஎல்டபிள்யூபி ஆணையைப் பாவிக்கும். மறுபக்கச் சிபியுவில் அது இல்லாவிட்டால் மென்பொருள் அந்த இடத்திலேயே விழும். ஒரு சேர்வரில் மின்தடையின் போது சிபியு கேஷையும் காக்கும் இஏடிஆர் இருந்து மற்றதில் கேஷைக் காக்காத வெறும் ஏடிஆர் இருந்தால், கியூஎமுவின் என்விடிம்-பெர்சிஸ்டன்ஸ் தெரிவை இரண்டிலும் மெம்-சிடிஆர்எல் என்றே வையுங்கள். சிபியு என்று வைத்தால், கேஷைத் தள்ளத் தேவையில்லை என்று வீஎம் நம்பிக்கொண்டு புதிய இடத்துக்குப் போகும். அந்த நம்பிக்கை அங்கே பொய்.

கேள்வி: மாற்றம் 90 சதவீதம் போய், திரும்பிக் குறைந்து, முடிவதே இல்லை. போஸ்ட்கொப்பி முறையும் ஏற்கப்படவில்லை. என்ன செய்வது?
— வாசகர், உப்புவெளி

போஸ்ட்கொப்பியை விட்டுவிடுங்கள். பீமெம் குறி உள்ள நினைவகத்துக்குக் கியூஎமு அதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் ஆபத்துதான்: போஸ்ட்கொப்பியில் பாதிப் பக்கம் இங்கே, பாதி அங்கே என்று வீஎம் ஓடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் இரண்டு பிரதியில் ஒன்றும் முழுமையாக இராது.

வீஎம் பழைய இடத்தில் ஓட ஓடவே பிரதியெடுக்கும் பிரீகொப்பியில், ஒரு சுற்று அனுப்பும் நேரத்துக்குள் மாறிவிட்ட பக்கங்களை அடுத்த சுற்று திரும்ப அனுப்புகிறது. எனவே கணக்கு எளியது. 256 ஜிபி என்பது 275 பில்லியன் பைட். 10 ஜிகாபிட் இணைப்பு நடைமுறையில் செக்கனுக்கு 1.1 ஜிபி தரும் என்று வைத்தால் முதற்சுற்று 250 செக்கன். தரவுத்தளம் செக்கனுக்கு 400 எம்பி பக்கங்களை மாற்றினால் ஒவ்வொரு சுற்றும் முன்னையதில் 36 சதவீதமாகும். மொத்தம் ஆறரை நிமிடம் அளவில் முடியும். அதே வேலை 1 ஜிகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 0.11 ஜிபிதான். முதற்சுற்றுக்கே 41 நிமிடம். மாறும் வேகம் அனுப்பும் வேகத்தைவிடக் கூடவாகையால் ஒருபோதும் முடியாது. உங்கள் கடிதத்தில் இணைப்பின் வேகம் இல்லை; முதலில் அதைப் பாருங்கள்.

வெர்ஷ் கருவியின் டொம்டெர்ட்டிரேட்-கல்க் கட்டளையை 10 செக்கன் ஓடவிட்டு மாறும் வேகத்தை அளவிடுங்கள். ஒரு நாளில் மூன்று தடவை அளந்து, குறைந்த நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். இரவில் பேக்கப் ஓடும் நேரம் பெரும்பாலும் மோசமானது.

அதன் பிறகு லைவ், ஓட்டோ-கொன்வேர்ஜ், பரலல் தெரிவுகளோடு மாற்றுங்கள். இணைப்புகள் 4 போதும். ஓட்டோ-கொன்வேர்ஜ் வீஎம்மின் சிபியுவை 20 சதவீதத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாக, தேவைப்பட்டால் 99 சதவீதம் வரை மட்டுப்படுத்தும். பயனாளர்கள் அதை உணர்வார்கள், முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். வீஎம்மை நிறுத்தி மிச்சத்தை அனுப்பும் கடைசி நிறுத்தத்துக்குக் கியூஎமு தரும் அளவு 300 மில்லிசெக்கன். மைக்ரேட்-செட்மேக்ஸ்டவுன்டைம் கட்டளையால் 1000 ஆக்கினால் பல சிக்கல்கள் அந்த இடத்திலேயே தீரும். ஒரு செக்கன் நின்றால் உங்கள் மென்பொருள் தொடர்பை அறுக்காது என்பதை மட்டும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வியில் இதைச் செய்யலாமா? — வாசகர், தம்பலகாமம்

முடியாது. விஎச்டிபீமெம் கோப்பு இணைத்த ஜெனரேஷன் 2 வீஎம்முக்கு மைகிரேஷனும் இல்லை, செக்பொயின்டும் இல்லை. இடம் மாற்றம் கட்டாயம் என்றால் சாதாரண விஎச்டிஎக்ஸ் டிஸ்க்கைப் பாவியுங்கள்.

கேள்வி: விஎம்வேயாரில் விஎன்விடிம், விபீமெம்டிஸ்க் என இரண்டு வகை காட்டுகிறது. எது? — வாசகி, கிண்ணியா

இரண்டும் விஸ்பியர் 6.7இல் வந்தவை. விபீமெம்டிஸ்க் வீஎம்முக்குச் சாதாரண டிஸ்க்காகவே தெரியும். பீமெம் இல்லாத சேர்வருக்கும் போகும். விஎன்விடிம் பீமெம் உள்ள சேர்வருக்கு மட்டுமே போகும். அதற்கு வன்பொருள் பதிப்பு 14 வேண்டும். ஸ்னாப்ஷொட் எடுக்க முடியாது. உங்கள் மென்பொருள் பைட் பைட்டாக பீமெம்மில் எழுதத் தெரிந்ததா? இல்லையென்றால் விபீமெம்டிஸ்க். இரண்டிலும் இடம் மாற்றும்போது சேர்வரையும் சேமிப்பகத்தையும் சேர்த்தே மாற்றும் தெரிவை எடுங்கள்.

கேள்வி: மாற்றி இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய் வந்தது. வீஎம் எழும்பியபோது தரவு இரண்டு நாள் பின்னால் நின்றது. பீமெம் அழியாது என்றுதானே சொல்கிறார்கள்? — வாசகர், சீனன்குடா

அழியவில்லை, அதுதான் நடந்தது. பழைய சேர்வரில் வீஎம்மின் வரைவும் (அதன் லிப்வெர்ட் அமைப்பு) அதன் பீமெம் கோப்பும் அப்படியே இருந்திருக்கின்றன, தானியங்கித் தொடக்கமும் போட்டிருந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் பழைய பிரதி எழும்பிவிட்டது. உடனே அதை நிறுத்துங்கள். புதிய சேர்வரிலுள்ள கோப்பைத் தொடவேண்டாம், உங்கள் சரியான தரவு அங்கேதான் இருக்கும். இந்த இரண்டு நாள் பின்னான பிரதியில் யாராவது ஏதும் பதிந்திருந்தால் அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, புதிய சேர்வரில் வீஎம்மைத் தொடங்குங்கள்.

இனிமேல் மாற்றும்போது பெர்சிஸ்டன்ட், அன்டிஃபைன்சோர்ஸ் இரண்டு தெரிவும் சேர்ந்து போக வேண்டும். முதலாவது புதிய இடத்தில் வரைவைப் பதியும், மற்றது பழைய இடத்தில் நீக்கும். கோப்பை இவை நீக்குவதில்லை. புதிய இடத்தில் ஒரு பேக்கப் எடுத்த பின் பழைய கோப்பை நீங்களே அழியுங்கள். பாதியில் நின்ற மாற்றத்தில் மறுபக்கம் கிடக்கும் கோப்பும் அரைகுறையானது. அதையும் அழித்துப் புதிதாக ஒதுக்குங்கள். சேர்வரை வேறொருவருக்குக் கொடுக்கும்போது பிளக்கைக் கழற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். என்டிசிடிஎல்லின் சானிடைஸ்-டிம் கட்டளையால் கிரிப்டோ-இரேஸ் செய்யுங்கள்.

மின்தடை பற்றி இன்னொன்று. 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதும் மின்சாரம் போனது போல மறுபடி நடந்தால், யூபிஎஸ்ஸில் நின்றுகொண்டு வீஎம்மை மாற்ற முயலாதீர்கள். 1 ஜிகாபிட்டில் 41 நிமிடம் வேண்டும் என்று மேலே கண்டோம். 15 நிமிட யூபிஎஸ் அதற்குக் காணாது. வீஎம்மை ஒழுங்காக நிறுத்துங்கள். தரவு அங்கேயே பத்திரமாக இருக்கும். பீமெம் வாங்கியதே அதற்குத்தான்.

கேள்வி: மாணவன் நான். பீமெம் வன்பொருள் இல்லாமல் பழகலாமா? பாவித்த ஒப்டேன் வாங்கலாமா? — வாசகர், நிலாவெளி

பழகலாம். 32 ஜிபி ரேம் உள்ள கணினியில் கேர்னல் தொடக்க வரியில் மெம்மேப்=8ஜி!16ஜி என்று சேருங்கள். 16 ஜிபி முகவரியிலிருந்து 8 ஜிபி, பீமெம்0 என்ற சாதனமாகத் தோன்றும். கேர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் 'பெர்சிஸ்டன்ட், டைப் 12' என்ற வரி வரவேண்டும். அது ரேம்தான், மின்சாரம் போனால் போய்விடும். ஆனால் நேம்ஸ்பேஸ், டாக்ஸ் மவுன்ட், மைகிரேஷன் எல்லாம் உண்மையானது போலவே நடக்கும். மறுபக்கத்துக்கு அதேபோல இரண்டாவது கணினி, இல்லையேல் நெஸ்டட் வீஎம் (தனக்குள் வேறு வீஎம்களை ஓட்டும் வீஎம்) இரண்டு.

எஸ்எஸ்டியிலுள்ள சாதாரணக் கோப்பை என்விடிம்மாகக் கொடுத்துப் பழகலாம், உண்மைத் தரவை மட்டும் வைக்காதீர்கள். வீஎம் கேஷைத் தள்ளினாலும் அது ஹோஸ்டின் ரேமில்தான் நிற்கும், டிஸ்க்கை எட்டாது. அப்படியொரு தேவை வந்தால் வெர்ட்டையோ-பீமெம் சரியானது: வீஎம் ஃப்ளஷ் கேட்கும்போது ஹோஸ்ட் எஃப்சின்க் செய்யும். கியூஎமு 4.1, கெஸ்ட் கேர்னல் 5.3 இருந்தால் போதும்.

ஒப்டேன் வியாபாரத்தை முடிப்பதாக இன்டெல் 2022 யூலையில் அறிவித்துவிட்டது. பாவித்த துண்டு வாங்கினால் உங்கள் தாய்ப்பலகையும் சிபியுவும் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். சாதாரண டிடிஆர்4 சொக்கெற்றில் அது உட்காரும், ஆனால் கஸ்கேட் லேக் போன்ற ஆதரவுள்ள சியோன் இல்லாவிட்டால் வேலை செய்யாது. கூடவே சாதாரண ரேம் துண்டும் கட்டாயம் வேண்டும். மைகிரேஷன் பழகுவதானால் இரண்டு சேர்வருக்கும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். படிப்புக்கு அந்தச் செலவு தேவையில்லை, மெம்மேப் போதும்.