குளிர்காற்றுக்காகக் கோழிக்கூண்டை முழுவதும் மூடிவிடலாமா?

குளிரும் காற்றும் வரப்போகின்றன, கூண்டை எல்லாப் பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கோழியின் உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வளர்ந்த, நோயில்லாத கோழி இறகைச் சிலுப்பி அதற்குள் காற்றைப் பிடித்துவைத்து, வறண்ட குளிரை நன்றாகவே தாங்கும். அதற்கு ஆகாதவை ஈரமும், உடம்பில் நேராக அடிக்கும் காற்றும்தான்.

முழுக்க மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். உறைபனிக் குளிரில் கொண்டை நுனி கறுத்துப்போவதற்கு இந்த ஈரம் முக்கியக் காரணம். காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து பாருங்கள். சுவரில் நீர்த்துளி நின்றாலோ, அம்மோனியா நெடி மூக்கில் ஏறினாலோ காற்றோட்டம் போதவில்லை.

அதனால் கோழி உட்காரும் உயரம் வரை இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அதற்கு மேலே, கூரையை ஒட்டி, வலையடித்த திறப்பு இருக்கட்டும். உட்காரும் கட்டை தட்டையாக, அகலமாக இருந்தால் விரல்களை வயிற்று இறகு மூடிக்கொள்ளும். தரையில் உமியோ மரச்சீவலோ கனமாகப் பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிடுங்கள்.

வெப்ப விளக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. காய்ந்த படுக்கை சட்டென்று தீப்பிடிக்கும். அப்புறம், மாலையில் கொஞ்சம் மக்காச்சோளம் போடுங்கள். தண்ணீர் உறைந்துவிட்டதா என்றும் அடிக்கடி பாருங்கள்.