பயமில்லாத கடவுளுக்கு எதற்குப் பயம்?

போன இதழில் நான் பஞ்சாபில், பாட்டியாலாவில் இரண்டு வருடம் படித்த கதையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதம் அந்த நாலும்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்டர், என் மகன் கனடாவில் பிரம்டனில் இருக்கிறார். போன வருடம் போய் மூன்று மாதம் நின்றேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா என்னைத் தங்கள் சீக்கியக் கோயிலான குருத்வாராவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கடவுளை 'நிர்பௌ' என்று பாடுகிறார்கள். பயம் இல்லாதவர் என்று அர்த்தமாம். அதே அம்மா, கடவுள் பயம் இல்லாமல் வாழக்கூடாது என்றும் சொல்கிறார். பயமே இல்லாத ஒருவருக்கு நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்? எங்கள் 'சாமி கண்ணைக் குத்தும்' மாதிரித்தானா?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: அம்மா, நீங்கள் மூன்று மாதத்தில் பிடித்ததைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

குரு கிரந்த சாகிப் என்ற அவர்களின் திருநூல் மூல மந்திரத்தோடு தொடங்குகிறது. அதில் கடவுளைச் சொல்லும் சொற்களில் இரண்டு அடுத்தடுத்து நிற்கும்: நிர்பௌ, நிர்வைர். பயமில்லாதவர், பகையில்லாதவர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மற்றவர்களை வெருட்டுகிறவர் யார்? தனக்குள் பயமோ பகையோ உள்ளவர். நாலாம் வகுப்பில் எனக்கொரு வாத்தியார் இருந்தார். பிரம்பை மேசையில் வைத்துவிட்டுத்தான் வாயே திறப்பார். கல்வி அதிகாரி வருகிற நாளில் பார்த்தால் முதலில் நடுங்குவது அவருடைய கைதான். பயமும் பகையும் இல்லாத ஒருவர் உங்கள் கண்ணைக் குத்த வரமாட்டார். ஆகவே அடிக்குப் பயப்படுகிற பயத்தை முதலில் கழித்துவிடுங்கள்.

சரி, மிச்சம் என்ன? பஞ்சாபியில் பயத்துக்கு 'பௌ' என்பார்கள். அன்புக்கு 'பாவ்'. குருமுகி எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரேயொரு அரவு, எங்கள் 'பல்', 'பால்' போல. சீக்கிய சமயத்தைத் தொடங்கிய குரு நானக் (1469–1539) இந்த இரண்டு சொல்லையும் அருகருகே வைக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் சொல்லும் ஜப்ஜியின் கடைசிப் பாட்டு, 38ஆவது. அந்தப் பாட்டு முழுக்க ஒரு நகைப் பட்டறை. அடக்கம் உலைக்களம். பொறுமை தட்டான். புத்தி பட்டடை. ஞானம் சுத்தியல். பயம் துருத்தி. தவம் நெருப்பு. அன்பு பாத்திரம். அந்தப் பாத்திரத்தில் அமுதத்தை வார்த்துக்கொள் என்கிறார்.

என் அறைத்தோழர் ஒரு சர்தார். அவர் இதை வரி வரியாகச் சொல்லித் தந்தபோது எனக்குப் பாட்டியாலா மறந்து கஸ்தூரியார் வீதி வந்துவிட்டது. எட்டு வயதில் அம்மம்மாவோடு அங்கே ஒரு பத்தரிடம் போயிருந்தேன். சின்னம்மாவின் கலியாணத்துக்குப் பழைய அட்டியலை அழித்துச் செய்ய வேண்டும். பொன் உருகி முடியும் வரை அம்மம்மா பத்தரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மூசையில் பொன்னையும் கொஞ்சம் வெண்காரத்தையும் போட்டுச் சிரட்டைக்கரிக்குள் இறக்கி வைத்தார். பிறகு தோல் துருத்தியை என் பக்கம் தள்ளி, "ஊதடா தம்பி" என்றார். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. பலம் கொண்ட மட்டும் அமத்தினேன். பொறி பறந்தது. சாம்பல் முழுக்க அம்மம்மாவின் வெள்ளைச் சேலையில். பத்தர் ஏசவில்லை. "கெதியாகவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் அப்படிச் செய்தேன். பிறகு வாசலில் ஐஸ்கிரீம் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டேன். சிவந்திருந்த கரி அதற்குள் கறுத்துவிட்டது. இளகத் தொடங்கிய பொன்னின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. அதற்குத்தான் அம்மம்மா என் தலையில் ஒரு குட்டுப் போட்டார், சேலைக்கு இல்லை.

துருத்தி ஒருவரையும் சுடாது. சுடுகிறது நெருப்பு. நெருப்பை அணையவிடாமல், பறக்கவும் விடாமல் வைத்திருக்கிற காற்றுத்தான் துருத்தியுடையது. நானக் அந்தப் பாட்டில் பயத்துக்குக் கொடுத்த இடம் அது. கவனம் எங்கோ போகிற நேரத்தில் கையைப் பிடித்து மறுபடி ஊத வைக்கிற ஒன்று. துருத்தி மட்டும் இருந்தாலும் நகை வராது. ஏந்துகிற பாத்திரம் வேண்டும். பாத்திரம் அன்பு என்று அவரே சொல்லிவிட்டார்.

'ஆசா தி வார்' என்ற இன்னொரு தொகுதியில் இந்தப் பயத்தை உலகம் முழுவதற்கும் பரப்புகிறார். காற்று பயத்தில் வீசுகிறது, ஆறுகள் பயத்தில் ஓடுகின்றன, நெருப்பு பயத்தில் ஊழியம் செய்கிறது, சூரியனும் சந்திரனும் பயத்தில் முடிவில்லாமல் நடக்கின்றன என்று அடுக்கிக்கொண்டே போய், உருவமில்லாத அந்த ஒருவனுக்கு மட்டும் பயமில்லை என்று முடிப்பார். தைத்திரீய உபநிடதம் படித்தவர்களுக்கு இது பழகிய குரல்தான். அங்கேயும் காற்று வீசுவதும் சூரியன் உதிப்பதும் பயத்தால்தான். ஆனால் சூரியன் நடுங்கிக்கொண்டா உதிக்கிறது? சோழகம் வெருண்டுபோயா வீசுகிறது? தன் காலத்தில் வருகிறது, தன் காலத்தில் விடுகிறது. இந்த ஒழுங்குக்குச் சீக்கியர் வைத்த பெயர் 'ஹுகம்', கட்டளை. மனிதருக்கு மட்டும்தான் அதற்கு வெளியே ஒரு காலை வைத்துப் பார்க்கிற ஆசை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: 'டர்'. நாய் துரத்தினால் வருவது, கடன்காரர் கதவைத் தட்டினால் வருவது. நானக் கௌடி ராகத்துப் பாட்டொன்றில் உங்கள் கேள்வியைத் தன்னிடமே கேட்கிறார். பயமே பயந்துபோகிற பயம் என்றால் அது எப்படிப்பட்டது என்கிறார். அவனைத் தவிர வேறொருவர் இருந்தால் அல்லவா பயப்பட வேண்டும், மற்றப் பயமெல்லாம் மனம் போடுகிற இரைச்சல் என்பது அவர் சொல்லும் விடை.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால், இரவல் நகை போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனவரைப் பார்த்திருப்பீர்கள். பந்தியில் இருந்தாலும் ஒரு கை கழுத்துக்குப் போய்ப் போய் வரும். நகைக்காரி அடிப்பாள் என்றா? அவள் கூடப்பிறந்த தங்கையாகவும் இருப்பாள். நம்பித் தந்த பொருள், பழுதில்லாமல் திரும்பிப் போக வேண்டும். உடலையும் மூச்சையும் சீக்கியர் அப்படித் தரப்பட்ட பொருளாகத்தான் பேசுவார்கள்.

இவ்வளவும் நூல் சொல்வது. பஞ்சாபிலும் வெருட்டி வெருட்டிப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். அடுப்படிச் சமயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கேள்வி: குரு நானக் இலங்கைக்கு வந்தாரா?
(வாசகர், நெல்லியடி)

பதில்: 'ஜனம்சாக்கி' எனப்படும் பழைய கதைகளில் அவர் சங்கலாதீப் போய்ச் சிவநாப் என்ற அரசனைச் சந்தித்ததாக வரும். சங்கலாதீப் என்பது இலங்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கால் வைத்ததும் பட்டுப்போன தோட்டம் பச்சை பிடித்ததாம். கதையாகக் கேளுங்கள், நல்ல கதை. எங்கள் வெங்காயத் தோட்டங்களுக்கும் அப்படி ஒருவர் தேவைதான்.

கேள்வி: பகையில்லாத கடவுள் என்கிறீர்கள். அப்படியென்றால் ஏன் இடுப்பில் வாள்?
(மாணவன், திருநெல்வேலி)

பதில்: தம்பி, ஒன்பதாவது குரு தேக் பகதூர் சொன்னதை முதலில் கேள்: யாரையும் பயமுறுத்தாதவன், யாருடைய பயத்தையும் ஏற்காதவன், அவனையே ஞானி என்று சொல். இதை எழுதியவரை 1675இல் ஔரங்கசீப் ஆட்சியில் டில்லி சாந்தினி சௌக்கில் தலை வெட்டிக் கொன்றார்கள். அந்த இடத்தில் இப்போது சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. சீஸ் என்றால் தலை. அவருடைய மகன் குரு கோபிந்த் சிங் 1699 வைசாக்கி நாளில் ஆனந்தபூரில் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் அணியைத் தொடங்கினார். கால்சாவில் சேர்ந்தவர் எப்போதும் வைத்திருக்க வேண்டிய ஐந்தில் ஒன்று கிர்பான், நீ சொல்கிற வாள். 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று அப்பர் பாடியதை நீ பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பாய். அதே முறுக்குத்தான்.

ஆனால் தேக் பகதூர் சொன்னதில் இரண்டு பாதி. முதற்பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் நெஞ்சில் பச்சை குத்திக்கொள்கிற வீரர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

கேள்வி: எனக்கு வயது 74. லண்டனில் பேத்தி ஒரு சீக்கியப் பையனைக் கலியாணம் செய்யப் போகிறாள். நல்ல பையன். ஆனால் இந்தியப் படை இங்கே நின்ற காலத்துக்குப் பிறகு தலைப்பாகையைக் கண்டால் எனக்கு நெஞ்சு இடிக்கும். கலியாணத்துக்குப் போவதா, விடுவதா?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: ஐயா, போங்கள்.

இடித்தது உங்கள் நெஞ்சு மட்டுமில்லை. 1988இல் ஒருநாள் சென்றியில் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவரும் தலைப்பாகைக்காரர்தான். பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம், வீட்டிலிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது என்று பஞ்சாபியில் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இரண்டு வருடம் நான் பேசிய மொழி. 'சத் ஸ்ரீ அகால்' என்று மூன்றே சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. அவருடைய மற்றக் கை துப்பாக்கியை விட்டு ஒருகணமும் எடுபடவில்லை. அட்டையைத் தந்தார். மூலை திரும்பும் வரை சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனேன். மேலே சொன்னேனே 'டர்', அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது.

கலியாணத்தில் மணமக்கள் குரு கிரந்த சாகிப்பை நாலு முறை சுற்றி வருவார்கள். நாலாவது குரு ராம்தாஸ் பாடிய நாலு பாட்டுகள், லாவான் என்று பெயர், சுற்றுக்கு ஒன்று. இரண்டாவது சுற்றில் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். 'நிர்பௌ' வரும், கொஞ்சம் தள்ளி 'நிர்மல் பௌ' என்று வரும். அழுக்கில்லாத பயம். கோண்டாவில் அம்மா கேட்ட சொல்தான்.

நிலத்தில்தான் இருக்க வேண்டும், முழங்கால் வருத்தம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். முடிவில் கடா பிரசாதம் தருவார்கள், கோதுமைமா அல்வா மாதிரி. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். நெய் விரலால் வழியும். உள்ளே தலையையும் மூட வேண்டும். ஆகவே இரண்டு லேஞ்சி கொண்டு போங்கள்: தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று.