ரொபர்மோரிக்குப் போகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், புறூஸ் தீபகற்பத்தின் நுனியில், ஆறாம் இலக்க நெடுஞ்சாலை ஹியூரன் ஏரியைத் தொடும் இடத்தில் இருக்கிறது ரொபர்மோரி. 2006 முதல் ஒரு கோடையும் தவறாமல் போய் வருகிறேன். அந்த ஊரும் சுற்றுப்புறமும் எனக்குத் தெரியும். அதற்குள் கேளுங்கள்.

ஸ்காபரோ தங்கை: அண்ணா, நாங்கள் பதினொரு பேர், இரண்டு வாகனம். ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

போகலாம் தங்கச்சி, ஆனால் காலை ஐந்து மணிக்குள் புறப்பட வேண்டும். ரொறன்ரோவிலிருந்து 300 கிலோமீட்டர் தூரம், நிற்காமல் ஓடினாலும் நான்கு மணி நேரம். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படும் கிரோட்டோ குகை ஊருக்குள் இல்லை. ஊருக்குத் தெற்கே, சைப்ரஸ் ஏரிப் பக்கம், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே வாகனத் தரிப்பிடத்தை, தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு பதிவுக்கு நான்கு மணி நேரம். இரண்டு வாகனம் என்றால் இரண்டு பதிவு, இரண்டும் ஒரே நேரத்துக்கு. தரிப்பிடத்திலிருந்து கரைக்கு அரை மணி நேர நடை, திரும்பி வரவும் அதே நேரம். ஆக உங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரம். அடுப்பும் பானையும் தூக்கிவராதீர்கள், சோற்றுப் பொதி போதும். தண்ணீரில் இறங்குவது பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் புறப்படாதீர்கள்.

பிராம்ப்டன் வாசகர்: முன்பதிவு செய்யாமல் போனால் உள்ளே விடமாட்டார்களா?

விடமாட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் தண்டம் கட்டுவீர்கள்.

மார்க்கம் வாசகி: மாமனாருக்கு 76 வயது, மாமியாருக்கு முழங்கால் வலி. அவர்கள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பெரியவர்களை காரில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் குகைக்கு ஓடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வேதனையாக இருக்கும்.

அவர்களைக் கண்ணாடி அடிப்படகில் ஏற்றுங்கள். லிட்டில் டப் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகு பக்கத்திலிருக்கும் பிக் டப் துறைமுகத்துக்குப் போகும். அங்கே ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் கிடக்கிறது. 1867இல் கட்டியது. 1885இல் நிலக்கரி ஏற்றி வந்தபோது கோவ் தீவருகே பாறையில் மோதியது. இழுத்துக்கொண்டுவந்து துறைமுகத்தில் சேர்த்தார்கள், அங்கேயே மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம்தான். படகு அதன்மேல் மெதுவாக நகரும்போது தளப் பலகைகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். என் அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, "மரம் இன்னும் உக்கவில்லையே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குளிர்ந்த நன்னீரில் மரத்தை அரிக்கும் கடற்புழு இல்லை, அதனால்தான் அது இன்னும் கப்பலாகக் கிடக்கிறது. 20க்கு மேற்பட்ட கப்பல் சிதைவுகள் அந்த நீர்ப்பரப்பில் இருக்கின்றன. அதைத்தான் 1987இல் ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல்சார் பூங்காவாக ஆக்கினார்கள்.

மாலையில் சிங்கிங் சாண்ட்ஸ் மணற்கரைக்குக் கூட்டிப்போங்கள். தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், ஹியூரன் ஏரி. முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். பலகை நடைபாதையும் உண்டு. அதன் ஓரத்துச் சதுப்பில் பூச்சி தின்னும் குடுவைச் செடிகளைக் காணலாம்.

அஜாக்ஸ் வாசகர்: ஃபிளவர்பொட் தீவு?

கட்டாயம் போங்கள். பூச்சாடி வடிவில் இயற்கையான இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன, மூன்றாவது 1903இல் சாய்ந்துவிட்டது. திரும்பும் படகின் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகர்: கனடா விசா கிடைக்க எவ்வளவு நாளாகும்?

அது என் துறை அல்ல. குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள்.

வாட்டர்லூ மாணவர்: பாறை விளிம்பில் ஒரு சின்ன மரத்தில் தொங்கு படுக்கை கட்டினோம். பூங்கா ஊழியர் வந்து அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அது அவ்வளவு பெரிய குற்றமா?

ஆம் தம்பி. நீங்கள் சின்ன மரம் என்று நினைத்தது வெண் சீடராக இருக்கும். உங்கள் கை மணிக்கட்டுப் பருமன் உள்ள மரத்துக்குக்கூட நூற்றாண்டுகள் வயதிருக்கலாம். கல் இடுக்கில் மண்ணே இல்லாமல் வளர்வதால், ஆண்டு வளையங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் எண்ண முடியும். இதே பாறைத்தொடரான நயாகரா மலைச்சரிவின் செங்குத்துப் பாறைகளில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய சீடர்கள் உயிரோடு நிற்பதை குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கயிறு பட்டை உரித்த இடம் ஆறாது. அந்த ஊழியருக்கு நன்றி சொல்லுங்கள்.

மிசிசாகா வாசகி: விஷப் பாம்பு இருக்கிறதாமே? பயமாக இருக்கிறது.

இருக்கிறது. மசசாகா என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு, ஒன்ராறியோவின் ஒரே நச்சுப் பாம்பு. முழ நீளத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வாலை ஆட்டினால் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கும். கேட்டதும் நின்று, பார்த்து, பின்வாங்குங்கள். மாகாணத்தில் இதனால் இறந்தவர்கள் என்று பதிவானது இருவர் மட்டுமே. அழியும் அபாயத்திலுள்ள உயிரினம், கல்லெடுத்து எறிந்தால் குற்றம். கடித்தால் கீறாதீர்கள், கட்டாதீர்கள், 911 அழையுங்கள். மூடிய காலணி போடுங்கள், தொட்டால் அரிக்கும், மூவிலைக் கொத்தாக உள்ள பாய்சன் ஐவி செடிக்கும் அதுதான் காப்பு. நான் அஞ்சுவது பாம்புக்கு அல்ல, தண்ணீருக்கு.

ஸ்காபரோ, வல்வெட்டித்துறைக்காரர்: தம்பி, தண்ணீர் தண்ணீர் என்று பயமுறுத்துகிறீர்கள். நான் ஐந்து வயதில் கடலில் நீந்தியவன். அலைகூட இல்லாத ஏரி எங்களை என்ன செய்யும்?

ஐயா, உங்கள் கடலையும் உங்கள் நீச்சலையும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடல் வேறு, இந்த ஏரி வேறு. அங்கே தண்ணீர் ஆண்டு முழுவதும் 25 பாகைக்கு மேல். கிரோட்டோ இருக்கும் பக்கத்து நீர், ஏரியின் கிழக்குப் பகுதியான ஜோர்ஜியன் குடாவில், ஜூன் தொடக்கத்தில் 10 பாகைக்கும் கீழே. உடம்பு திடீரென்று அதில் விழும்போது வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். அது நீச்சல் தெரிந்தவருக்கும் வரும், தெரியாதவருக்கும் வரும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. பத்து நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது.

உப்பு நீர் உங்களைத் தாங்கும், நன்னீர் அவ்வளவு தாங்காது. மணற்கரைபோல் சரிவு இல்லை, பாறை முடிந்ததும் ஆழம். குடாவின் ஆழம் 150 மீட்டரைத் தாண்டும்.

அதே வாசகர்: ஓகஸ்டில் போகிறோம். அப்போதும் குளிரா?

பல நாள் சுகமாக இருக்கும். ஆனால் மேற்கிலிருந்து காற்று வீசினால் மேலே இருக்கும் சூடான நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும், அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்று கால் விறைக்கும்.

நோர்த் யோர்க் வாசகர்: அண்ணா சொல்வது மிகை. என் நண்பர்கள் போன ஜூனில் பாறையிலிருந்து குதித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாதவர்கள்தான் வந்து கதை சொல்வார்கள். 2011 ஜூனில் என் ஒன்றுவிட்ட தம்பி கிரோட்டோவுக்குப் பக்கத்துக் கல் கரையிலிருந்து குதித்தான். பாடசாலை நீச்சல் அணியில் இருந்தவன். கரையிலிருந்து பத்து மீட்டர்கூட இல்லை. கையைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விளையாடுகிறான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம். அவன் கண்ணைக் கண்டு என் மனைவிதான் கத்தினாள். சாப்பாட்டுக் குளிர்பெட்டியைக் கவிழ்த்து, மூடியை அழுத்தி, அவன் பக்கம் எறிந்தேன். அதைக் கட்டிப்பிடித்து மிதந்தான். கரையில் இடியப்பம் சிதறிக் கிடந்தது. ஒரு மணி நேரம் அவன் பல் கிட்டியபடி நடுங்கினான். அன்றிலிருந்து உயிர்காப்பு அங்கி இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கரையில் இறங்குவதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த நீர் அத்தனை தெளிவு. மூன்றடி ஆழம் என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் நான்கடி. அதை நம்பி யாரும் குதிக்க வேண்டாம்.

வோன் வாசகி: அண்ணா, கிரோட்டோவுக்கு முன்பதிவு வேண்டுமா?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. வேண்டும்.

ஒஷாவா வாசகர்: கப்பலில் மனிடூலின் தீவுக்குப் போகலாமா?

சீ-சீமான் கப்பல் காரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் சவுத் பேமவுத்தில் இறக்கும். பெயருக்கு அங்குள்ள பூர்வகுடிகளின் ஒஜிப்வே மொழியில் பெரிய தோணி என்று பொருள். 1974 முதல் ஓடுகிறது. மனிடூலின், நன்னீர் ஏரிகளில் உள்ள தீவுகளிலேயே உலகில் மிகப் பெரியது. ஒரு நாள் பயணத்தில் அதைத் திணிக்காதீர்கள், அங்கே ஓர் இரவு தங்குங்கள்.

பிக்கரிங் வாசகர்: தூண்டில் போடலாமா? முன்பதிவு எங்கே செய்வது?

தூண்டிலுக்கு மாகாண அனுமதி எடுங்கள். இரண்டாவதற்கு, தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

ஸ்காபரோ, வல்வெட்டித்துறைக்காரர்: தம்பி, எனக்கு இன்னும் அங்கி தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். பேரனுக்கு ஆறு வயது. அவனுக்கு எப்படிப் பார்த்து வாங்குவது?

வயதைப் பார்க்காதீர்கள் ஐயா, எடையைப் பாருங்கள். அங்கியின் உட்புறத்தில் எத்தனை கிலோவுக்கு என்று எழுதியிருக்கும், கனடாவில் அங்கீகரித்த முத்திரையும் இருக்க வேண்டும். கடையிலேயே போட்டு, எல்லாக் கொளுவிகளையும் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி அவன் காதுவரை ஏறினால் அது பெரிது, வேண்டாம். கால்களுக்கிடையில் பூட்டும் பட்டி உள்ளதை எடுங்கள். வளர்ந்தபின் போடட்டும் என்று ஓர் அளவு கூட்டி வாங்காதீர்கள். அப்படியே உங்களுக்கும் ஒன்று போட்டுப் பாருங்கள், நீங்கள் போட்டால் அவன் கழற்றமாட்டான்.