நாவல்பழ நிறத்தில் ஓர் ஆட்சி

அன்புள்ள ஐயா,

ஜெர்மானியத் தேர்தல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் துரிங்கியா மாநிலத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் சிக்கல். 2024 செப்டம்பரில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 32.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. ஆட்சி அமைத்ததோ இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களுக்கு வந்த கட்சிகள். அவர்களுக்கும் 88-ல் 44 இடம்தான், அதாவது சரிபாதி. பெரும்பான்மையே இல்லை. மக்கள் முதலிடம் கொடுத்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, தோற்றவர்கள் கூடிக் கட்டிய கூடாரம் இல்லையா இது? இது எத்தனை நாள் நிற்கும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

‘தோற்றவர்கள்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். விகிதாசாரத் தேர்தலில் முதலிடம் என்பது தாளில் முதல் வரியில் பெயர் வருவதுதான். ஆட்சி அமைக்க வாருங்கள் என்று அழைக்க அங்கே ஆளுநர் கிடையாது. சட்டமன்றமே கூடி, விவாதமில்லாமல், ரகசிய வாக்கெடுப்பில் முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் இரண்டு சுற்றுகளில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். மூன்றாவது சுற்றில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே முதல்வர். 32.8 சதவீதம் என்றால் மீதி 67.2 சதவீதம் வேறு யாருக்கோ போட்டார்கள் என்பதும் அதே கணக்குதான்.

அந்த மூன்றாவது சுற்று விதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துரிங்கியாவில் எல்லாரும் சூடு கண்ட பூனையாக நடந்துகொள்வதற்குக் காரணம் அதுதான்.

2020 பிப்ரவரி 5. துரிங்கியாவின் தலைநகர் எர்ஃபுர்ட், சட்டமன்றம். அதுவரை முதல்வராக இருந்த இடதுசாரிக் கட்சியின் போடோ ராமெலோவின் கூட்டணிக்கு 90-ல் 42 இடம். இரண்டு சுற்றில் முடியவில்லை. மூன்றாவது சுற்றில் தாராளவாதக் கட்சியான எஃப்.டி.பி.யின் தோமாஸ் கெம்மரிஷ் களத்தில் இறங்கினார். அவருடைய கட்சிக்கு இருந்தது ஐந்தே இடம். சட்டமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீதத்தைத் தாண்டியதே 73 ஓட்டு வித்தியாசத்தில்தான். எண்ணி முடித்தால் கெம்மரிஷுக்கு 45, ராமெலோவுக்கு 44. ஏ.எஃப்.டி. நிறுத்தியிருந்த வேட்பாளருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை! தங்கள் ஆளை அம்போவென்று விட்டுவிட்டு மொத்தமாக கெம்மரிஷ் பக்கம் சாய்ந்திருந்தார்கள். இடதுசாரிகளின் சட்டமன்றக் குழுத் தலைவி சூசன்னே ஹென்னிக்-வெல்சோவ் வெற்றி பெற்றவருக்கு முன்னால் வந்து நின்று, கையிலிருந்த பூங்கொத்தை அவர் காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நான் அந்தக் காட்சியைப் பலமுறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பூங்கொத்து விழுந்த பிறகும் கெம்மரிஷ் அடுத்து வாழ்த்த வருபவருக்காக அப்படியே நிற்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த அன்றைய சான்சலர் ஆங்கெலா மெர்க்கல், ஏ.எஃப்.டி. ஓட்டில் ஒருவர் முதல்வரானதை அங்கிருந்தே ‘மன்னிக்க முடியாதது’ என்றார். கெம்மரிஷ் மறுநாளே விலகுவதாக அறிவித்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மெர்க்கலுக்கு அடுத்து பழமைவாதக் கட்சியான சி.டி.யு.வின் தலைமைக்கு வந்திருந்த கிராம்ப்-காரன்பவர் சான்சலர் போட்டியிலிருந்தே ஒதுங்கினார். இருபது லட்சம் சொச்சம் பேர் வாழும் ஒரு சின்ன மாநிலத்தின் ஓட்டெண்ணிக்கை பெர்லினை அந்த ஆட்டு ஆட்டியது. அதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 1930 ஜனவரியில், ஜெர்மனியில் முதன்முதலாக ஒரு நாஜி மாநில அமைச்சரானது இதே துரிங்கியாவில்தான். வில்ஹெல்ம் ஃபிரிக். அவரையும் ஒரு கூட்டணிதான் உள்ளே கொண்டுவந்தது.

சரி, 2024-க்கு வருவோம். இடங்கள் இப்படி: ஏ.எஃப்.டி. 32, சி.டி.யு. 23, சாரா வாகன்க்னெஷ்ட்டின் பி.எஸ்.டபிள்யூ. 15, இடதுசாரிகள் 12, சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. 6. பசுமைக் கட்சியும் எஃப்.டி.பி.யும் காணாமல் போயின. ஏ.எஃப்.டி.யுடன் சேர யாரும் தயாரில்லை. சி.டி.யு. 2018-லேயே மாநாட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறது: ஏ.எஃப்.டி.யோடும் கூட்டணி இல்லை, இடதுசாரிகளோடும் இல்லை. மிச்சம் இருந்தது 23, 15, 6. கட்சிகளின் நிறம் கறுப்பு, ஊதா, சிவப்பு. ஜெர்மானியர்கள் இதற்குப் பிளாக்பெர்ரிக் கூட்டணி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு நாவல்பழம்தான் ஞாபகம் வருகிறது, அதுவும் சிவந்து, ஊதாவாகி, அப்புறம்தான் கறுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், என் பார்வையில் இந்த ஆட்சியின் உண்மையான பலவீனம் அதுதான். பி.எஸ்.டபிள்யூ. என்பது இடதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் 2024 ஜனவரியில் தொடங்கிய கட்சி. அந்தக் கட்சி சார்பில் நிதியமைச்சரும் துணை முதல்வருமான காட்யா வோல்ஃப், ஐசெனாக் நகரின் மேயராக இடதுசாரிக் கட்சியில் பல வருடம் இருந்தவர். ஆக, ராமெலோவோடு உட்கார்ந்தால் தீட்டு, ராமெலோவின் கட்சியை விட்டு அந்த வருடம் வெளியே வந்தவரோடு உட்கார்ந்தால் தீட்டில்லை. கட்சித் தீர்மானங்கள் ஆட்களைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்க்கின்றன. எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கூட்டணிப் பேச்சும் லேசில் முடியவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேச வேண்டிய மேசையில் உக்ரைன் போரும் அமெரிக்க ஏவுகணைகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. மாநில அரசுக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் வாகன்க்னெஷ்ட்டுக்குக் கூட்டணி ஒப்பந்தத்தின் முகவுரையில் அமைதி பற்றிய வாசகம் வேண்டும். வோல்ஃப் பேசி முடித்துக்கொண்டு வந்த வாசகம் போதாது என்று அவருடைய தலைவியே வெளிப்படையாகக் குறை சொன்னார். வாகன்க்னெஷ்ட் பிறந்த ஊர் ஜெனா, அதுவும் துரிங்கியாதான். கடைசியில் மூவரும் கருத்து வேறுபாட்டை எழுதிவைத்தே ஒத்துப்போனார்கள். இதை மழுப்பல் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதில் ஒத்துப்போகவில்லை என்பதைக் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கையெழுத்திடுவது, ஒத்துப்போவதாக நடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது அந்த 44. டிசம்பர் 12 அன்று சி.டி.யு.வின் மரியோ ஃபோய்க்ட் முதல் சுற்றிலேயே 51 ஓட்டு வாங்கினார். தேவை 45. எதிராக 33, நான்கு பேர் ஒதுங்கினார்கள். கூட்டணிக்கு வெளியிலிருந்து குறைந்தது ஏழு ஓட்டு. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் யாருடையது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்றாவது சுற்று வரை போக விட்டால் என்ன ஆகும் என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். மசோதாக்களை முன்கூட்டியே காட்டிப் பேசுவது என்று இடதுசாரிகளோடு ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள். கூட்டணி கிடையாது, ஆனால் பேச்சுவார்த்தை உண்டு. தீர்மானத்துக்குப் பங்கம் வராமல் வேலை நடக்க வேண்டுமே!

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்களை நிரந்தரமாக வெளியே நிறுத்துவதற்கு விலை உண்டு. ஏ.எஃப்.டி.யின் 32 இடம் என்பது 88-ல் மூன்றில் ஒன்றுக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய எதையும் அவர்கள் தடுக்கலாம், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஆள் போடுவது உட்பட.

எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரை இறக்க வேண்டுமானால் அதே வாக்கெடுப்பில் இன்னொருவரை ஏற்றியாக வேண்டும், அதற்கு 45 ஓட்டு. ஏ.எஃப்.டி.யும் இடதுசாரிகளும் சேர்ந்தால்கூட 44தான், அவர்கள் சேரப்போவதும் இல்லை. சட்டமன்றத்தைக் கலைக்க 59 வேண்டும். ஏ.எஃப்.டி. தவிர மற்ற எல்லாரும் கை தூக்கினால் 56. முதல்வரே நம்பிக்கை வாக்குக் கேட்டுத் தோற்றால் வேறு கதை. மற்றபடி இந்த மூன்று கட்சிகளும் பிடிக்கிறதோ இல்லையோ, ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.