இரண்டாண்டு விடுதி, மூன்றாம் ஆண்டு ஸ்பெயின்: ஈரோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியை, "வளாக விடுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே உறுதி" என்ற ஒரு வரி கெடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணத்தைக் கட்டினால் நான்காண்டும் விடுதியிலேயே ஓடிவிடும். அங்கே பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டுக்கு மட்டுமே உறுதி தருகின்றன. பிறகு நாலைந்து பேர் சேர்ந்து வெளியே வீடு பிடிப்பது வழக்கம். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

என் கவலையெல்லாம், மூன்றாம் ஆண்டில் அவள் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் படிக்க விரும்புவதைப் பற்றித்தான். வெளி வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்டு தொடங்கி 12 மாதங்களுக்கு இருக்கும். ஆள் இல்லாவிட்டாலும் வாடகை ஓடும். பல கல்லூரி ஊர்களில் அடுத்த ஆகஸ்டுக்கான வீட்டை முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே பேசி முடிக்கிறார்கள். அதனால் எந்தச் செமஸ்டர் பயணம் என்பதை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான செமஸ்டரில் போகட்டும் என்பேன். டிசம்பரில் படிப்பை முடிப்பவர்களும், ஜனவரியில் வெளிநாடு கிளம்புபவர்களும் காலி செய்யும் இடங்கள், அவள் ஜனவரியில் திரும்பும்போது விடுதியிலும் வெளியிலும் கிடைக்கும். அவள் ஜனவரியில் கிளம்பினால், உள்வாடகைக்கு ஆள் தேடும் பாடு அவளுடையதாகிவிடும். ஜனவரியில் கிளம்பும் தோழி ஒருத்தி அமைந்தால் இன்னும் நல்லது: ஒரே அறை, ஆண்டின் முதல் பாதி தோழிக்கு, மறுபாதி இவளுக்கு. உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். எல்லாரும் கூட்டாகக் கையெழுத்திட்டால், ஒருத்தி வாடகை கட்டாதபோது மற்றவர்கள் தலையில் விழும். மஞ்சள் மண்டியில் வியாபாரம் செய்யும் உங்களுக்கு ஜாமீன் கையெழுத்தின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் தரும் கட்டடங்கள் உண்டு. வாடகை சற்றுக் கூடினாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் உங்கள் பங்காளி வீட்டில் தங்கவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு நூலகம், ஆய்வகம், நட்பு எல்லாம் அந்தப் பயணத்தில் கரைந்துவிடும். ஆனால் பல விடுதிகள் டிசம்பர் விடுமுறையில் மூடப்படும். அப்போது அந்த வீடு பெரும் துணை. வீட்டு உரிமையாளர் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று கேட்டாலும் பங்காளி வீட்டாரிடம் பேசிப் பார்க்கலாம்.

அமெரிக்க விசா ஸ்பெயினுக்குச் செல்லாது. அவள் படிக்கும் மாநிலத்துக்குரிய ஸ்பெயின் துணைத் தூதரகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிளம்பும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஐ-20 படிவத்தில் (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), திரும்பி அமெரிக்காவுக்குள் வருவதற்கான பயணக் கையொப்பம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிப்பதும் கட்டாயம்.

இந்த வாரமே அவளை விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: ஒரு செமஸ்டர் வெளிநாடு சென்று திரும்பினால் முன்னுரிமை உண்டா? ஜனவரியில் பாதியாண்டு ஒப்பந்தம் தருவார்களா? பதில் வந்ததும் கல்லூரிச் செலவுப் பட்டியலோடு எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் ஆண்டு வாடகையையும் சேர்த்துக் கல்விக் கடன் தொகையைக் கணக்கிட்ட பிறகு வங்கிக்குப் போகலாம்.